ஒழுகாத குழாயில் ஓட்டை

கேள்வி: எங்கள் விசைப்படகில் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குக் கிளம்பியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி புதிது, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. புகைகூட வருவதில்லை. ஏர் எடுத்துவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. அன்று முழுக்க ஒரு குறையும் இல்லை, நடுக்கடலில் நிறுத்தி எடுத்தாலும் எடுக்கிறது. மறுநாள் காலை மறுபடி அதே தொல்லை. டீசல் லைன் முழுவதையும் துணியால் துடைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஒழுகாத குழாய்க்குள் காற்று எப்படிப் போகும்? டீசல் பம்ப்பை இறக்கிப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். டேங்க் நிறைய டீசல் பிடித்த மறுநாள் மட்டும் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. அது தற்செயலா?

— ஒரு வாசகர், மல்லிப்பட்டினம்

பதில்: தற்செயல் இல்லை. போகிறபோக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கேள்வியோடு பாதி விடையையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறீர்கள். ஒழுகாத குழாய்க்குள் காற்று எப்படிப் போகும் என்பதும் அருமையான கேள்வி. பல வருடம் ஸ்பேனர் பிடித்தவர்கள்கூட அந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

பம்ப்பை இப்போது இறக்க வேண்டாம். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செலவு அதில்தான் இருக்கிறது. டீசல் பம்ப்புக்குள் பெரும்பாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர் இருக்கும். சுண்டுவிரல் தடிமனில், மேலும் கீழும் போய்வரும் உருளை அது. அதற்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. இந்த இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டால் டீசல் அதன் வழியே பின்னுக்குக் கசியும். டீசல் சூடேறினால் இளகி இன்னும் எளிதாகக் கசியும். அதனால் தேய்ந்த பம்ப் பெரும்பாலும் சூட்டில்தான் தகராறு செய்யும்: காலையில் எடுக்கும், ஓடி நிறுத்திய பிறகு எடுக்க மறுக்கும். உங்கள் இன்ஜின் நேர் எதிராக நடக்கிறது. சூட்டில் சமர்த்து, இரவு கழிந்தால்தான் பிடிவாதம். இரவில் இன்ஜின் ஓடவில்லை, பம்ப் வேலை செய்யவில்லை. அந்த நேரத்தில் வேறு ஏதோ நடக்கிறது.

பேட்டரியையும் செல்ஃபையும் ஒதுக்கிவிடலாம். டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின்போலப் பொறி வைக்கும் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நெரிக்கிறது. நெரிபட்ட காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோலத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்றால் சூட்டுக்குக் குறை இருக்க வாய்ப்பு குறைவு. மீதி இருப்பது டீசல். அது போகிறதா இல்லையா என்பதற்குச் சாட்சி புகை. செல்ஃப் சுற்றும்போது புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போகவே இல்லை. நீங்கள் புகைகூட இல்லை என்று எழுதியது பல சோதனைகளை மிச்சப்படுத்திவிட்டது.

(இந்த இடத்தில் ஒன்று. இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் உப்பில் இறுகி, பாதியிலேயே நின்றுவிட்டாலும் டீசல் போகாது, புகையும் வராது. பம்ப்பின் பக்கவாட்டில் உள்ள அந்த நெம்பு முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். ஏர் எடுத்தால் சரியாகிவிடுவதால் உங்களுக்கு இது காரணமாக இருக்காது. ஆனால் இதே கேள்வியோடு படிக்கும் மற்றவர்களில் சிலருக்கு விடை இங்கேயே முடிந்துவிடும்.)

குழாய்க்குள் கொஞ்சம் காற்று போனால் இவ்வளவு பெரிய இன்ஜின் ஏன் நின்றுபோக வேண்டும்? சுமார் 100 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் இன்ஜின் முழு மூச்சாக ஓடும்போதுகூட, ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்குப் போகும் டீசல் ஏறக்குறைய ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டை நாசில், அதாவது சிலிண்டரின் தலையில் இருக்கும் தூவுமுனை, சும்மா விடாது. அழுத்தம் சுமார் 200 பாரைத் தொட்டால்தான் வாயைத் திறக்கும். ஒரு பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு. அதைப்போல 200 மடங்கு. டீசலை நெரித்தால் அது அவ்வளவாகச் சுருங்காது, அழுத்தம் சட்டென்று ஏறி நாசில் திறக்கும். பிளஞ்சரின் மேல் டீசலுக்குப் பதிலாகக் காற்றுக்குமிழி இருந்தால், பிளஞ்சர் ஏறும்போது குமிழி சுருங்கும், இறங்கும்போது விரியும். ஊதிய பலூனை அமுக்கி அமுக்கி விடுவதுபோலத்தான். பிளஞ்சரின் முழு ஓட்டமும் அதிலேயே தீர்ந்துவிடும். நாசில் வாய் திறக்காது. ஒரு சொட்டு அளவு டீசலை வைத்துப் பிழைக்கும் இடத்தில் ஒரு சொட்டு அளவு காற்று புகுந்தால் போதும், வேலை நின்றுவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓட்டை இருந்தால் ஒழுக வேண்டும், ஒழுகவில்லை என்றால் ஓட்டை இல்லை என்பது எல்லோருக்கும் இருக்கும் எண்ணம். தண்ணீர்க் குழாயையும் குடத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவின் நடுவில் கீறல் இருந்தால் என்ன ஆகிறது? கீறல் வழியாக இளநீர் வெளியே சிந்துவதில்லை. காற்று உள்ளே வருகிறது. எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு வருவது சரசரவென்று காற்றும் அரைகுறை இளநீரும்தான். உறிஞ்சும் குழாயில் உள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் எந்த ஓட்டையும் உள்நோக்கித்தான் வேலை செய்யும்.

உங்கள் டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாய் அந்த ஸ்ட்ராதான். ஃபீட் பம்ப் என்பது டீசலை டேங்க்கிலிருந்து இழுத்து ஃபில்டர் வழியாகப் பெரிய டீசல் பம்ப்புக்குத் தரும் சிறிய பம்ப். விசைப்படகுகளில் டேங்க் பெரும்பாலும் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் இருக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் மட்டம் ஃபீட் பம்ப்புக்கு மேலே நிற்கும். டீசல் தன் எடையாலேயே பம்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். டீசல் குறையக் குறைய மட்டம் பம்ப்புக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு மீட்டர் கீழே போய்விட்டால் குழாயின் மேல்முனையில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 8 சதவீதம் குறைந்துவிடும். ஊசிமுனை அளவு வழி இருந்தாலும் காற்று நுழைய அது தாராளம். இன்ஜின் நின்றிருக்கும் இரவு முழுவதும் காற்று மெல்ல மெல்ல உள்ளே வருகிறது. குழாயில் நிற்கும் டீசல் அதே வேகத்தில் டேங்க்குக்கு இறங்கிவிடுகிறது. விடியும்போது குழாய் காலி. செல்ஃபின் மெதுவான சுற்றில் ஃபீட் பம்ப்பால் அவ்வளவு காற்றையும் வெளியே தள்ளி டீசலை மேலே இழுக்க முடிவதில்லை; அதற்குள் பேட்டரி களைத்துவிடும்.

அப்படியானால் பகல் முழுக்க எப்படி ஓடுகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். ஓடும்போது ஃபீட் பம்ப் இன்ஜினுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே டீசலை இழுக்கிறது. மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்குத் திரும்புகிறது. உள்ளே நுழையும் பொடிக்குமிழிகளை அந்த ஓட்டமே அள்ளிக்கொண்டு போய்விடும். நடுக்கடலில் நிறுத்தி உடனே எடுத்தாலும் குழாய் காலியாக நேரம் கிடைப்பதில்லை. இரவின் எட்டு, பத்து மணி நேரம்தான் ஓட்டைக்கு வசதி.

தடைக்காலத்துக்குப் பிறகு ஏன் இது தொடங்கியது என்பதும் இதிலேயே இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கின்றன. கத்திரி வெயில் முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. டீசலில் ஊறியே இருந்த ரப்பர் ஓஸும் ஓ-ரிங்குகளும் காய்ந்து சுருங்குகின்றன. கிளிப் இறுக்கிய இடத்தில் வெடிப்பு விடுகின்றன. சும்மா நிற்கும் படகில் பணத்தை டீசலாக ஊற்றி வைக்க யாருக்கும் மனம் வராது, நியாயம்தான்; டேங்க் அரைகுறையாகக் கிடக்கிறது. காலி இடத்தில் ஈரக்காற்று நிரம்பி, இரவுக் குளிர்ச்சியில் உள்சுவரில் வியர்க்கிறது. இரும்பு டேங்க்கும் இரும்புக் குழாயும் அங்கேதான் துருப்பிடிக்கும். டீசலுக்குள் மூழ்கியிருக்கும் பாகம் பத்திரமாக இருக்கும். டீசலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்தான் அரிபடும்.

கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். டேங்க்கிலிருந்து வரும் ஓஸை ஃபீட் பம்ப்பில் கழற்றி, அந்த ஓஸின் வாயை ஒரு போல்ட் வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு சுத்தமான கேனில் வடிகட்டிய டீசலை நிரப்பி, பம்ப்பைவிட உயரமாக, ஆட்டத்தில் கவிழாதபடி கட்டி வையுங்கள். புதிய ஓஸ் ஒன்றை அதிலிருந்து நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் லைன் பழையபடி டேங்க்குக்கே போகட்டும். அதனால் கேன் வேகமாகக் குறையும், கரையிலேயே வைத்துச் செய்யுங்கள். ஒருமுறை ஏர் எடுத்து, சில நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, டீசல் மிச்சமிருக்கும்படி பார்த்து, இரவு அப்படியே விடுங்கள். காலையில் ஏர் எடுக்காமலே ஸ்டார்ட் ஆனால், பெரிய பம்ப், நாசில் எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. காலையில் ஃபில்டரிலோ பம்ப்பிலோ ஈரம் தென்பட்டால் கசிவு அந்தப் பக்கம்; எங்கும் ஈரமில்லை என்றால் அது டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவேதான் இருக்கிறது. இந்த ஒரு இரவு, பம்ப்பை இறக்கும் செலவை மிச்சப்படுத்தும்.

அடுத்தது அந்த நடுப்பகுதி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் நீளத்துக்கு ஃபீட் பம்ப்பின் வாயில் தற்காலிகமாக மாட்டி இன்ஜினை ஓட்டினால் குமிழிகள் வருவது கண்ணுக்கே தெரியும். பார்த்ததும் கழற்றிவிடுங்கள், இன்ஜின் ரூமின் சூட்டில் அந்தக் குழாயை நிரந்தரமாக விடக் கூடாது. குமிழி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இணைப்பின் மேலும் கிரீஸைக் கெட்டியாக அப்பிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் அப்பியதும் குமிழி நிற்கிறதோ, அதுதான் இடம். ஓஸ் கிளிப்புகள், நீர் பிரிக்கும் கிண்ணத்தின் வடிகால் திருகு, அதன் கேஸ்கட், ஃபீட் பம்ப்பிலுள்ள கைப்பம்ப்பின் அடிப்பக்கம் என்று வரிசையாகப் பாருங்கள்.

செம்பு வாஷர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுது பாதி இங்கேதான் பிறக்கிறது. செம்பு மெத்தென்று இருக்கும்வரைதான் இரண்டு முகங்களுக்கு நடுவே படிந்து அடைக்கும். ஒருமுறை இறுக்கியதும் அது கெட்டிப்பட்டுவிடும். ஃபில்டர் மாற்றும்போது அதையே திரும்பப் போட்டு இன்னும் பலமாக முறுக்கினால் அடைபடாது, திருகின் மரைதான் போகும். புதிது போடுங்கள். கடலில் இருக்கும்போது கைவசம் இல்லையென்றால், பழைய வாஷரை அடுப்பில் செக்கச்செவேலென்று காயவைத்துத் தண்ணீரில் போட்டு எடுங்கள். எஃகைத் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு இளகிக் கிடக்கும். மேலே படிந்த கருப்பைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

ஏர் எடுக்கத் தெரிந்திருக்கிறீர்கள். வரிசையை மட்டும் நினைவுபடுத்துகிறேன். முதலில் ஃபில்டரின் மேல் திருகு, பிறகு பெரிய பம்ப்பின் திருகு. குமிழி நின்று முழு டீசலாக வரும்வரை கைப்பம்ப்பை அடித்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை மூட வேண்டும். அதற்கும் பிடிக்கவில்லை என்றால்தான் நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் போடுவது. அப்போது விரலையோ முகத்தையோ கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே முள் குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும், விரலையே இழந்தவர்கள் உண்டு. அப்படி ஏதும் நடந்தால் காத்திருக்காமல் கரைக்குத் திரும்பி, டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

செல்ஃபை ஒரே மூச்சில் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். நடுவே ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். உங்கள் படகில் கடல்நீரைப் புகைக்குழாயில் கலந்து வெளியேற்றும் அமைப்பு இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. செல்ஃப் சுற்றும்போதெல்லாம் நீர்ப்பம்ப் கடல்நீரை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இன்ஜின் பிடிக்காததால் அதை வெளியே தள்ளப் புகை இல்லை. தேங்கிய நீர் பின்னுக்கு ஏறிச் சிலிண்டருக்குள் இறங்கினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அப்படிப்பட்ட படகில் திரும்பத் திரும்ப முயலும்போது கடல்நீர் வால்வை மூடி வைத்து, இன்ஜின் பிடித்த கணமே திறந்துவிடுங்கள். காற்றுக்குழாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டி எடுக்கும் பழக்கம் எந்தப் படகிலும் வேண்டாம். அடைத்த இன்ஜின் ரூமில் அது தீக்கு அழைப்பு.

டேங்க்கின் அடியில் தேங்கியிருக்கும் தண்ணீரையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில்தான் நிற்கும். வடிகாலில் பிடித்த டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் இரண்டும் பிரிந்து நிற்பது தெரியும். முன்பு சொன்ன சில மைக்ரான் இடைவெளியில் எண்ணெய்ப் பசையாக இருப்பது டீசல்தான், வேறு எண்ணெய் கிடையாது. அங்கே தண்ணீர் போனால் பிளஞ்சர் துருவேறிச் சிக்கிக்கொள்ளும். அப்போது பம்ப்பை உண்மையிலேயே இறக்க வேண்டிவரும்.

கேன் சோதனையில் கசிவு டேங்க் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது, கிரீஸ் அப்பியும் வெளியே எந்த இணைப்பிலும் குமிழி நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பல வருடம் முன்பு ஒரு படகில் இதே நிலைமை. ஓஸ், வாஷர், ஃபில்டர் எல்லாம் புதிது மாற்றி, நான்கு நாள் காலையிலும் ஏமாந்தோம். கடைசியில் டேங்க்குக்குள் இறங்கும் பிக்கப் குழாயை, அதாவது அடிவரை நீண்டு டீசலை உறிஞ்சும் இரும்புக் குழாயை, உருவி எடுத்தோம். மேல்மூடியிலிருந்து நான்கு விரல் கீழே, ஊசி நுழையும் அளவுக்குத் துருத் துளை. டேங்க்குக்குள்ளேயே இருக்கும் துளை எந்தத் துணியில் தெரியும்? டீசல் அதற்கு மேலே நின்றால் துளை டீசலையே உறிஞ்சும். மட்டம் கீழே போனால் காற்றை உறிஞ்சும்.

உங்கள் படகிலும் இதுதானா என்று சோதிப்பது எளிது. இன்னொரு முறை டேங்க்கை நிரப்புங்கள். எல்லா இணைப்புகளையும் துடைத்து, சுற்றிலும் சாக்பீஸ் தூள் பூசி இரவு விடுங்கள். இப்போது அழுத்தம் வெளிநோக்கி. கசியும் இடத்தில் வெள்ளைப் பூச்சு காலையில் நனைந்து கருத்திருக்கும், அங்கே வாஷரையோ ஓஸையோ மாற்றுங்கள். பூச்சு எங்கும் நனையாமல் வெள்ளையாகவே இருந்து, இன்ஜினும் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டால், மல்லிப்பட்டினத்தில் நான் இருந்தால் நேராக டேங்க்கின் மேல்மூடியைக் கழற்றி அந்தப் பிக்கப் குழாயைத்தான் உருவுவேன்.